செத்தது ஒன்று, கொன்றது ஒன்று



'கரி எஞ்சின் காலம்தாம்பா காலம்' என்று பெருமூச்சு விடுகிற பெரியவர்கள் நம் ஊரில் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். போட் மெயில் சிதம்பரம் வழியாகப் போனது, ஜன்னலோரத்தில் கண்ணில் விழுந்த கரித்தூள், அந்தக் குபுகுபு சத்தம் என்று ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார்கள். நானும் வாய் பிளந்து கேட்பவன்தான். ஆனால் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிப்பவன் என்ற முறையில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அழ வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் அழுதுகொண்டிருக்கிறோம்.

நீராவி எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். எரித்த கரியின் வெப்பம் நூறு பங்கு என்றால், சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தது ஆறு, மிஞ்சினால் எட்டு பங்கு. மற்றதெல்லாம் எங்கே போச்சு? நம் தெர்மல் பாடத்தில் வரும் கண்டென்சர் அதில் கிடையாது. சிலிண்டரில் வேலை முடித்த நீராவி அப்படியே புகைபோக்கி வழியாக வெளியே போய்விடும். போகிற போக்கில் அடுப்புக்குக் காற்றை இழுத்துக் கொடுக்கும். அது கெட்டிக்கார யோசனை, மறுக்கவில்லை. ஆனாலும் நாம் ரசிக்கிற குபுகுபு, வெப்பம் வீணாகப் போகிற சத்தம்தான்! காலை வண்டிக்கு ராத்திரியே அடுப்பு மூட்டணும், வழியெல்லாம் தண்ணி பிடிக்கணும், சாம்பல் தள்ளணும். கரி அள்ளிப் போட்ட ஃபயர்மேன் பட்ட பாட்டை யாரும் கதையில் சேர்ப்பதில்லை.

1960களில் தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை மின்கம்பி வந்துவிட்டது. அதற்கு இந்தப் பக்கம், கடலூர், சிதம்பரம், மாயவரம் என்று நமக்குப் புகைதான். பிறகு டீசல் வந்தது. 2006 கடைசியில் விழுப்புரம் - மாயவரம் மீட்டர்கேஜை நிறுத்தி, 2010ல் அகலப் பாதையாகத் திறந்தார்கள். இப்போது நம் ஸ்டேஷனிலும் தலைக்கு மேல் மின்கம்பி ஓடுகிறது. அப்படியானால் நீராவி ஒழிந்ததா? பக்கத்தில் நெய்வேலிக்குப் போய்ப் பாருங்கள். 1962 முதல் பழுப்பு நிலக்கரியை எரித்து, நீராவியில்தான் டர்பைன் சுற்றுகிறது; அங்கே கண்டென்சரும் உண்டு, கூலிங் டவரும் உண்டு. பாய்லர் தண்டவாளத்தை விட்டு இறங்கி ஓரிடத்தில் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். வயசாகி, வாரிசு வைத்துவிட்டுச் செத்த சாவு அது. தொழிலும்கூடச் சாகவில்லை. ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்து வந்த நீலகிரி மலை ரயில் எஞ்சின்களுக்குப் பதிலாக, 2010களில் நம் பொன்மலை ஒர்க்‌ஷாப்பிலேயே புதிய நீராவி எஞ்சின்கள் செய்தார்கள். எத்தனை பேருக்குத் தெரியும்?

இனி டிராமுக்கு வருகிறேன். இது வேறு கதை.

மெட்ராஸில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது 1895 மே 7. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம்! கல்கத்தாவுக்கு 1902லும் பம்பாய்க்கு 1907லும்தான் மின்சார டிராம் கிடைத்தது. அப்பேர்ப்பட்டது 1953 ஏப்ரல் 12ஆம் தேதி நின்றே போய்விட்டது. மோட்டார் பழுதா? இல்லை. எலெக்ட்ரிகல் நண்பர்களுக்குத் தெரிந்த அதே டி.சி. சீரிஸ் மோட்டார், 1931 முதல் பீச் - தாம்பரம் வண்டியை இழுத்துக்கொண்டுதான் இருந்தது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருள்வதற்கு, ரப்பர் டயர் தாரில் உருள்வதைவிடக் குறைந்த இழுவை போதும் என்பதும் மாறவில்லை. டிராம் நடத்திய கம்பெனி நஷ்டத்தில் மூழ்கியது, சர்க்காரும் எடுத்து நடத்தவில்லை. எஞ்சினியரிங் தோற்கவே இல்லை, கணக்குப் புத்தகம்தான் தோற்றது.

'டிராம் ரோட்டை அடைக்குமே' என்கிறார்கள் சிவில் பிரிவு நண்பர்கள். சரிப்பா, இப்போது அடைத்துக்கொண்டு நிற்பது யார்? 1930களில் டிராமைத் தூக்கிப் போட்ட பாரிஸ் 1992ல் திரும்பக் கொண்டுவந்தது. மெல்போர்ன் எடுக்கவே இல்லை. தென் அமெரிக்காவில் பியூனஸ் அயர்ஸ், பெரிய டிராம் ஊராக இருந்து, 1960களில் நம்மைப் போலவே கைகழுவியது. சென்னையிலோ 2015ல் மெட்ரோ வந்தது. மின்சாரத்தில் ஜனங்களை இழுக்க, பூமியைக் குடைந்தும் பாலம் கட்டியும் மறுபடி தண்டவாளம் போட்டோம்!

மெட்ராஸ் நமக்கு எட்டாத ஊர் என்றால் மாயவரத்துக்கு வாருங்கள். அங்கிருந்து செம்பனார்கோயில், திருக்கடையூர் வழியாகத் தரங்கம்பாடிக்கு 1926 முதல் ரயில் ஓடியது. 1980களில் நிறுத்தினார்கள். மெயின் லைனை மூடியபோது அகலமாக்கித் திருப்பிக் கொடுத்தார்கள். இந்தக் கிளையைத் திருப்பித் தரவில்லை. திருக்கடையூருக்கு வரும் கூட்டம் குறைந்தா போச்சு? பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறது.

கரி எஞ்சின் போனபோது வேலையாள் டீசலுக்கு மாறக் கற்றுக்கொள்ள வழி இருந்தது. டிராம் நின்றபோது அதை ஓட்டியவருக்கும் டிக்கெட் கொடுத்தவருக்கும் ஷெட்டில் ஸ்பேனர் பிடித்தவருக்கும் மாறிப் போக இன்னொரு டிராம் இல்லை. நாளைக்கு அந்த ஷெட்டில் நிற்கப்போவது டிப்ளமோ முடித்த நாம்தானே? ஒரு மெஷினை 'பழசு, தள்ளு' என்று மேலிடத்தில் சொன்னால், எஃபிஷியன்சி எவ்வளவு, நஷ்டம் மெஷினிலா நிர்வாகத்திலா என்று கேட்கிற தைரியம் நமக்கு வேண்டாமா?

இந்த வருஷ இண்டஸ்ட்ரியல் விசிட் பொன்மலைக்குத்தான் என்று சங்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஊட்டிக்குப் போகணும் என்று துடிப்பவர்கள், அந்த மலை ரயிலின் எஞ்சின் எங்கே பிறந்தது என்று முதலில் பார்த்துவிட்டுப் போகட்டும்.