கணக்கெடுத்தவர்கள் போய்விட்டார்கள், பீலிக்கு யார் பொறுப்பு?



சில மாதங்களுக்கு முன் எங்கள் டிவிஷனுக்கு ஓர் ஆய்வுக் குழு வந்தது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் டெப். நல்ல பிள்ளைகள், அவர்களைக் குறைசொல்ல எமக்கு மனமில்லை. லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து, கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து, காம்பராவுக்கு ஒரு மணித்தியாலம் என்ற கணக்கில் கேள்வி கேட்டார்கள். அதில் ஒன்று: "சமூக சேவைகள் தொடர்பான தீர்மானங்களில் உங்கள் பங்கேற்பு எத்தகையது?" மிக அதிகம், அதிகம், நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு என்று ஐந்து விடைகள்.

மலையிலிருந்து இறங்கி, படங்கைக்கூட அவிழ்க்காமல் நின்ற ஓர் அக்கா எம்மைத் திரும்பிப் பார்த்தார். "இதுக்கு என்னா டீச்சர் சொல்றது?"

"தண்ணி, ரோட்டு, குப்பை பத்தி முடிவு எடுக்கிறப்ப ஒங்களயும் கேக்குறாங்களான்னு கேக்குறாங்க அக்கா."

அவர் சிரித்துவிட்டார். "முடிவு எடுக்கிறது யாருன்னே தெரியாதே டீச்சர். அப்புறம் எங்க போயி கலந்துக்கிறது?"

பிள்ளைகள் "மிகக் குறைவு" என்பதை அழுத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்கள். அந்த அக்கா சொன்னது அதுவல்ல. தான் ஒதுங்கி நிற்பதாக அவர் சொல்லவில்லை. கதவு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்றார். அதற்கு அந்த டெப்பில் ஒரு கட்டம் இல்லை.

எங்கள் டிவிஷன் பீலியையே எடுத்துக்கொள்வோம். ஊற்று இருப்பது தோட்டக் காணியில். காணி அரசுடையது, 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் அரசு எடுத்தது. நிர்வாகமோ 1992 முதல் கம்பனியிடம். தொட்டியை எப்போதோ ஒரு திட்டத்தில் கட்டிக் கொடுத்தார்கள். அதன் பெயர்ப்பலகையில் இப்போது எழுத்து இல்லை, துரு மட்டும்தான். குழாய் உடைந்திருப்பது பிரதேச சபை வீதியைக் கடக்கும் இடத்தில். தண்ணீர் குடித்துப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தால் அது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் விடயம்.

குழாய் உடைந்தபோது நாங்கள் மூன்று படி ஏறினோம். தோட்ட அலுவலகத்தில் "வீதியில் உடைந்தது, சபைக்குப் போங்கள்" என்றார்கள். சபையில் "தண்ணீர் தோட்டத்துடையது" என்றார்கள். மூன்றாவது அலுவலகத்தில் கடிதத்தை வாங்கி முத்திரை குத்தி வைத்துக்கொண்டார்கள். மூன்று கிழமையும் எங்கள் பெண்கள் கீழ் லயத்துப் பீலியில் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். முதல் பாடத்துக்கு வரமுடியாத பிள்ளைகளின் பெயர்களை நாமே இடாப்பில் குறித்தோம். கடைசியில் எங்கள் இளைஞர்கள் காசு சேர்த்து, டவுனில் குழாய்த் துண்டு வாங்கிப் பொருத்தினார்கள். அது இன்றைக்கும் ஒழுகுகிறது.

இந்தக் குழப்பம் தானாக வந்ததல்ல. 1937இல் கிராம சபைச் சட்டத்தைத் திருத்தியபோதே தோட்டத்து இந்திய வம்சாவளித் தொழிலாளர்களை வாக்குரிமைக்கு வெளியே நிறுத்தினார்கள். 1948இல் பிரஜாவுரிமையே போனது. 1987இல் பிரதேச சபைச் சட்டம் வந்தபோதும் அதன் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளில் செலவிடத் தடையாக நின்றது. வாக்கை எங்களிடம் கேட்பார்கள். வென்றபின் ரோட்டுப் போடச் சட்டம் இடங்கொடுக்காது என்பார்கள். சிலருக்கு அது வசதியான சாட்டாகவும் இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை.

2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அதற்கு முன்னர் பல ஆண்டுகளாக, எந்தச் சேவை எங்கே நின்றுவிடுகிறது, ஏன் நிற்கிறது என்பதைக் கையில் கடதாசியோடு எடுத்துச் சொன்ன ஆய்வுகளும் மலையக அமைப்புகளும் இருந்தன. ஆகையால் ஆய்வே வேண்டாம் என்று நாம் சொல்லப்போவதில்லை. 2019ஆம் ஆண்டுக் குடித்தன வருமான செலவு ஆய்வின்படி நாட்டில் வறுமை 14.3 வீதம், தோட்டத்துறையில் 33.8 வீதம். 2016ஆம் ஆண்டுச் சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் நாடு முழுவதும் 17.3 வீதம், தோட்டங்களில் 31.7 வீதம். எங்கள் வகுப்பின் முன்வரிசையைப் பார்த்தாலே இது தெரியும். ஆனால் நாம் பார்த்ததைச் சொன்னால் முறைப்பாடு என்பார்கள், இலக்கமாகச் சொன்னால் மேசையில் வைப்பார்கள்.

அந்த இலக்கங்களும் எங்கள் வாயிலிருந்து போனவைதான். ஆனால் கேட்டவர்கள் திரும்பி வந்து "இதோ, நீங்கள் சொன்னதிலிருந்து இது தெரிந்தது" என்று பிரட்டுக்களத்தில் நின்று சொன்னதை எங்கள் டிவிஷனில் நாம் கண்டதில்லை. அறிக்கை கொழும்பில் வெளியாகும், பெரும்பாலும் ஆங்கிலத்தில். நாங்கள் அதில் ஒரு வீதமாக இருப்போம்.

1969இல் ஷெரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பெண்மணி, மக்கள் பங்கேற்பை எட்டுப் படி உள்ள ஓர் ஏணியாக வரைந்து காட்டினார். கீழ் இரண்டு படிகள் பங்கேற்பே அல்ல, மக்களைச் சமாளிக்கும் வேலை. நடுவில் மூன்று படிகள்: தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, ஒன்றிரண்டு பேருக்கு நாற்காலி கொடுத்துச் சாந்தப்படுத்துவது. மேல் மூன்று படிகளில்தான் மக்கள் கையில் உண்மையான அதிகாரம் வரும். எங்களிடம் வரும் ஆய்வு பெரும்பாலும் நான்காம் படியில் நிற்கிறது. கேட்பார்கள், முடிவு வேறிடத்தில். ஏணியைப் பார்த்தபோது எமக்கு இன்னொன்றும் தோன்றியது. முதல் படிக்கும் கீழே, தரையில் நிற்கிறோம் நாங்கள், ஏணி யார் வீட்டில் சாத்தியிருக்கிறது என்று தேடிக்கொண்டு.

கூட்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவை வேலைநாள் காலை பத்து மணிக்கு, டவுனில். கொழுந்தெடுக்கும் பெண் அதற்குப் போனால் அன்றைய பேர் இல்லை, பஸ் காசு தனி. பிறகு அறிக்கையில் "தோட்டப் பெண்களின் ஆர்வம் குறைவு" என்று எழுதுவார்கள். ஒரு நாள் சம்பளத்தை இழந்து கூட்டத்துக்கு வரச்சொன்னால் எந்த உத்தியோகத்தர் வருவார்?

எமது பக்கத்திலும் தவறு உண்டு. தொழிற்சங்கம் என்றால் சம்பளம், வேலைநீக்கம், ஈபீஎஃப் என்று பழகிவிட்டோம். தண்ணீர், வீதி, குப்பை என்று வந்தால் தலைவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு ஓர் அமைச்சரின் வாசலில் நிற்போம். கிடைத்தால் நன்றி சொல்லிப் பதாகை கட்டுவோம். சபை என்று ஒன்று இருப்பதும், அதற்குப் பாதீடு என்று ஒன்று இருப்பதும் எமது பேச்சில் வருவதே குறைவு. 2018 தேர்தலோடு நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிய பிரதேச சபைகள் கிடைத்தபோது பட்டாசு கொளுத்தினோம். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே தேர்தல்வரை உறுப்பினரே இல்லாமல் இரண்டு ஆண்டுக்கு மேல் அதிகாரிகளே நடத்தினார்கள். அதை எதிர்த்து எத்தனை தோட்டத்தில் ஒரு கூட்டம் போட்டோம்?

இப்போது உறுப்பினர்கள் இருக்கிறார்கள், பெண்களுக்கு 25 வீத இடமும் இருக்கிறது. பிரதேச சபைச் சட்டத்தின்படி சபையின் குழுக்களில் உறுப்பினரல்லாத பிரதேசவாசிகளையும் சேர்க்கலாம். தோட்டத்து மாதர் சங்கத் தலைவி ஒருவர் தண்ணீர் பற்றிய குழுவில் உட்காருவதற்குச் சட்டத்தில் தடையில்லை. அந்தக் கூட்டம் பின்னேரமோ ஞாயிறோ நடக்க வேண்டும் என்று முதலில் கேட்போம். தோட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று தெரியவேண்டுமானால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே கேட்கலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அதை எழுதிக்கொள்வது அந்த அலுவலரின் கடமை. தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலைநாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். இதற்கு யாருடைய சிபாரிசுக் கடிதமும் தேவையில்லை.

அடுத்த முறை ஆய்வுக்கு வருகிறவர்களிடமும் நாம் ஒரு கேள்வி கேட்போம்: முடிவைத் தமிழில், இந்த லயத்துக்கே கொண்டுவந்து சொல்வீர்களா? ஆம் என்றால் இஸ்தோப்பில் பாய் விரிப்போம். இல்லை என்றால், எங்கள் பெண்களின் அந்த ஒரு மணித்தியாலம் இலவசமல்ல என்று மரியாதையாகச் சொல்வோம்.

அதுவரை சும்மா இருக்கவும் இல்லை. எங்கள் டிவிஷனில் ஏ/எல் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் ஐந்து பிள்ளைகள், பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றில் பீலி, மலசலகூடம், பிள்ளை மடுவம், பாலம், குப்பை போடும் இடம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். யார் கட்டியது, யார் திருத்த வேண்டும், எந்த அலுவலகம் என்ன பதில் சொன்னது, எந்தத் தேதியில். பாதிப் பக்கங்களில் "யார் பொறுப்பு" என்ற இடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. அந்த வெறும் இடங்களை நிரப்பித் தரும்படி சபைக்கு ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். முதல் கையெழுத்து, படங்கோடு நின்ற அந்த அக்காவுடையது. உங்கள் தோட்டக் கமிட்டியும் இப்படி ஒரு கொப்பி தொடங்கினால், அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் வைத்துப் பார்ப்போம்.