பூட்டிவைத்துவிட்டு, பார்த்ததே இல்லை என்கிறார்

2025 ஏப்ரல் 16 அன்று அமெரிக்க சுகாதாரத் துறை அமைச்சர் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர் செய்தியாளர்களைக் கூட்டி ஆட்டிசம் பற்றிப் பேசினார். இந்தப் பிள்ளைகள் ஒருநாளும் வரி கட்ட மாட்டார்கள், வேலைக்குப் போக மாட்டார்கள், பேஸ்பால் ஆட மாட்டார்கள், ஒரு கவிதை எழுத மாட்டார்கள், யாரையும் காதலித்து வெளியே அழைத்துப் போக மாட்டார்கள் என்று அடுக்கினார். பலரால் துணையின்றிக் கழிப்பறைக்குப் போகக்கூட முடியாது என்றார். ஆட்டிசம் குடும்பங்களை அழிக்கிறது. அது ஒரு கொள்ளைநோய். மரபணுக்கள் கொள்ளைநோயை உண்டாக்குவதில்லை. ஆகவே சூழலில் ஏதோ ஒரு நஞ்சு இருக்கிறது. இதுதான் அவர் வாதம்.

தெருமுனையில் யாரோ ஒருவர் இப்படிப் பேசியிருந்தால் கடந்து போகலாம். பேசியவர் உலகின் மிகப் பெரிய மருத்துவ ஆராய்ச்சி நிதிக்குப் பொறுப்பானவர். அவர் சொல் கடல் தாண்டி நம் ஊர்க் கைப்பேசிகளுக்கு வந்து சேர அதிக நேரம் ஆவதில்லை. ஆட்டிச நிலையில் உள்ள பிள்ளையைப் பெற்றவர்களின் நெஞ்சில்தான் அது முதலில் இறங்குகிறது. எனவே வரிக்கு வரி பதில் சொல்லியாக வேண்டும்.

அவர் வாதம் எண்ணிக்கையில் தொடங்குகிறது. 2000இல் எட்டு வயதுப் பிள்ளைகளில் 150 பேருக்கு ஒருவர்; 2022இல் 31 பேருக்கு ஒருவர். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட கணக்கு இது. கணக்கு உண்மை. ஆனால் 31 பேருக்கு ஒருவர் என்று சொன்ன அதே அறிக்கை இன்னொன்றையும் சொல்கிறது. டெக்ஸாஸ் மாநிலத்தின் லரேடோ பகுதியில் 103 பேருக்கு ஒருவர். கலிபோர்னியாவில் கணக்கெடுத்த பகுதியில் 19 பேருக்கு ஒருவர். ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஒரே வயது. மாநில எல்லையைத் தாண்டியதும் ஐந்து மடங்காகப் பெருகும் நஞ்சு எது? அப்படி எதுவும் இல்லை. கலிபோர்னியாவில் மிகச் சிறு வயதிலேயே ஆட்டிசத்தை அடையாளம் காணக் குழந்தை மருத்துவர்களுக்குப் பயிற்சி தரப்படுகிறது. தேடுகிற இடத்தில் பிள்ளைகள் கண்ணில் படுகிறார்கள். தேடாத இடத்தில் விடுபட்டுப் போகிறார்கள்.

அளக்கும் படியும் மாறியிருக்கிறது. 1943இல் பால்டிமோரில் லியோ கானர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதியபோது ஆட்டிசம் மிக அரிதான ஒன்றாகத் தோன்றியது. 1968இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் அதற்குத் தனி இடமே இல்லை; குழந்தைப் பருவ மனச்சிதைவு என்ற தலைப்புக்குள் அடங்கிக் கிடந்தது. 1980இல்தான் தனிப் பெயர் கிடைத்தது. 1994இல் ஆஸ்பெர்கர் நிலை சேர்ந்தது. 2013இல் எல்லாம் ஒரே நிறமாலையாக இணைக்கப்பட்டன. 1990இல் அமெரிக்கச் சிறப்புக் கல்விச் சட்டம் ஆட்டிசத்தைத் தனிப் பிரிவாக ஏற்றதும், அதுவரை அறிவுத்திறன் குறைந்தவர்கள் என்று பதிவான பிள்ளைகள் பலர் இந்தப் பெயருக்குள் வந்தார்கள். டென்மார்க்கில் ஆட்டிச எண்ணிக்கை உயர்ந்ததில் ஏறத்தாழ 60 விழுக்காடு பதிவு முறைகள் மாறியதால் வந்தது என்று 2015இல் வெளியான ஆய்வு கண்டது. அதே ஆண்டு சுவீடனில் வந்த ஆய்வில் பதிவுகள் ஏறியிருந்தன; பிள்ளைகளிடம் காணப்பட்ட ஆட்டிசக் கூறுகளோ கூடவே இல்லை. மரபணுக்கள் கொள்ளைநோயை உண்டாக்குவதில்லை என்பது சரிதான். ஆனால் இங்கே கொள்ளைநோயே இல்லையே. ஐந்து நாடுகளில் 20 லட்சம் பேரை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, ஆட்டிசத்தில் மரபின் பங்கு ஏறத்தாழ 80 விழுக்காடு என்கிறது. பெயர் பெருகியதைப் பார்த்து நோய் பெருகியதாகக் கூவுபவர், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்ததால் மக்கள் பிறந்தார்கள் என்று சொல்பவருக்கு ஒப்பானவர்.

அடுத்து அவர் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் வாதம்: என் வயதுக்காரர்களில் கடுமையான ஆட்டிசம் உள்ள ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அவர் 1954இல் பிறந்தவர். இங்கிலாந்தில் 2007இல் வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களைச் சோதித்தபோது, ஏறத்தாழ நூற்றில் ஒருவர் ஆட்டிச நிலையில் இருப்பது தெரிந்தது. வயது கூடக் கூட அந்த அளவு குறையவில்லை. இருந்தார்கள், பெயர்தான் இல்லை.

பேச்சு வராத, எந்நேரமும் துணை தேவைப்பட்ட அவருடைய வயதுக்காரர்கள் எங்கே போனார்கள்? பதில் அவர் குடும்பத்து வரலாற்றிலேயே இருக்கிறது. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் வில்லோபுரூக் என்று ஓர் அரசு விடுதி இருந்தது. 4,000 பேருக்குக் கட்டிய இடத்தில் 6,000 பேர் அடைக்கப்பட்டிருந்தார்கள். உடுப்பில்லாமல், அழுக்கில், பராமரிக்க ஆளில்லாமல் பிள்ளைகள் கிடந்தார்கள். 1965இல் அங்கே போய்ப் பார்த்துவிட்டு, அதைப் பாம்புக் குழி என்று நாட்டுக்குச் சொன்னவர் அன்றைய செனட்டர் ராபர்ட் கென்னடி. இந்த அமைச்சரைப் பெற்ற தந்தை. 1972இல் தொலைக்காட்சிக் கேமரா உள்ளே போன பிறகுதான் நாடு அதிர்ந்தது. 1987இல்தான் அந்த இடம் மூடப்பட்டது.

இன்னும் நெருங்கிப் பார்ப்போம். அமைச்சரின் அத்தை ரோஸ்மேரி கென்னடி. அவருக்கு ஆட்டிசம் என்று யாரும் சொல்லவில்லை. அறிவு வளர்ச்சியில் பின்தங்கியவர் என்றார்கள். 1941இல், 23 வயதில், தந்தையின் முடிவுப்படி அவர் மூளையில் லோபோடமி என்னும் அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. அதன்பின் அவரால் சரியாக நடக்கவும் பேசவும் முடியாமல் போயிற்று. 1949 முதல் விஸ்கான்சினில் ஒரு காப்பகத்தில் வைக்கப்பட்டார். 2005இல் இறந்தார். அவர் நிலைமையை 1962இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் வெளிப்படையாக எழுதியவர் இன்னோர் அத்தை, யூனிஸ் கென்னடி ஷ்ரைவர். சிறப்பு ஒலிம்பிக்ஸை 1968இல் தொடங்கியவரும் அவரே. மறைத்துவைத்தால் மனிதர்கள் இல்லாமல் போய்விட மாட்டார்கள் என்பதை அந்தக் குடும்பம் தன் சொந்த ரத்தத்தில் கற்றுக்கொண்டது. அந்தக் குடும்பத்தில் பிறந்தவர் வந்து, நான் பார்த்ததில்லை, ஆகவே அவர்கள் இருந்ததில்லை என்கிறார். தந்தை கண்ணால் கண்டு சொன்ன சாட்சியத்தை மகன் மறுக்கிறார். இந்த வாதத்துக்கு அறியாமை என்ற சலுகைகூடக் கிடையாது.

மூன்றாவது, நஞ்சைத் தேடும் வேட்டை. கானர் காலத்திலிருந்தே இந்த வேட்டை ஒரே வாசலில் போய் நின்றிருக்கிறது: தாயின் வாசலில். பாசமில்லாத, குளிர்ந்துபோன தாய்மார்களால்தான் பிள்ளைகள் இப்படி ஆகிறார்கள் என்றார்கள். புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் அதற்கு ஒரு புத்தகமே எழுதினார். ஒரு தலைமுறைத் தாய்மார்கள் செய்யாத குற்றத்தைச் சுமந்து அழுதார்கள். பிறகு 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் 12 பிள்ளைகளை வைத்துத் தடுப்பூசியின் மேல் பழி போட்டார். லான்செட் இதழ் 2010இல் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு அவர் மருத்துவர் பதிவும் பறிபோனது. பிள்ளையைக் கையில் தூக்கிப் போய் ஊசி போட்டவள் யார்? மறுபடியும் தாய். கென்னடி 2005இல் தடுப்பூசிப் பாதரசத்தைக் குற்றம் சாட்டி எழுதிய கட்டுரையை, வெளியிட்ட சலோன் தளமே 2011இல் நீக்கியது. அமெரிக்கக் குழந்தைத் தடுப்பூசிகளிலிருந்து அந்தப் பொருள் 2001க்குள் ஏறக்குறைய முழுவதும் எடுக்கப்பட்டுவிட்டது. ஆட்டிச எண்ணிக்கை இறங்கவில்லை. டென்மார்க்கில் 6,57,461 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியான ஆய்வில் எம்.எம்.ஆர். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பே தெரியவில்லை.

செப்டம்பருக்குள் ஆட்டிசத்தின் காரணத்தைச் சொல்கிறோம் என்று கென்னடி வாக்களித்திருந்தார். 2025 செப்டம்பர் 22 அன்று அதிபர் டிரம்பும் கென்னடியும் வெள்ளை மாளிகையில் நின்று பாராசிட்டமாலைக் காட்டினார்கள். காய்ச்சல் வந்தால் கர்ப்பிணிகள் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றார் அதிபர். சுவீடனில் ஏறத்தாழ 25 லட்சம் பிள்ளைகளை ஆராய்ந்து 2024இல் வெளியான முடிவு அவர்களுக்கு முன்னால் இருந்தது. உடன்பிறந்தவர்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது மாத்திரைக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இல்லாமல் போயிற்று. கர்ப்ப காலத்தில் விடாத காய்ச்சல்தான் குழந்தைக்கு ஆபத்து. அதைத் தணிக்கும் மாத்திரையைக் கண்டு தாய் நடுங்கும்படி செய்துவிட்டு, இதை அறிவியல் என்கிறார்கள். 80 ஆண்டுகளாகக் குற்றக் கூண்டில் நிற்பவள் அவளே. குற்றப்பத்திரிகை மட்டும் மாறிக்கொண்டிருக்கிறது.

இனி அந்தப் பட்டியல். வரி கட்ட மாட்டார்கள் என்றார். கானர் எழுதிய 11 பேரில் முதல் பிள்ளை டொனால்டு டிரிப்லெட். மூன்று வயதில் மருத்துவர்கள் சொன்னபடி ஒரு விடுதியில் விடப்பட்டவரை ஓராண்டு கழித்துப் பெற்றோர் வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். அவர் கல்லூரியில் பட்டம் பெற்றார். மிசிசிப்பியின் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில் வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், உலகம் சுற்றினார். 2023இல், 89 வயதில் இறந்தார். பேஸ்பால் ஆட மாட்டார்கள் என்றார். 2018இல் கான்சஸ் சிட்டி ராயல்ஸ் நிறுவனம் ஒப்பந்தம் செய்த தாரிக் எல்-அபூர் ஆட்டிச நிலையாளர். கவிதை எழுத மாட்டார்கள் என்றார். ஆஸ்திரேலியாவின் பெருங்கவி லெஸ் மர்ரே தன்னையும் ஆட்டிச நிலையில் உள்ளவராகவே சொல்லிக்கொண்டவர்.

இந்தப் பெயர்களை இன்னும் நீட்டலாம். ஆனால் நீட்ட நீட்ட நாமும் அவர் விரித்த வலையில் போய் விழுவோம். வரி கட்டியதால்தான் டொனால்டு மனிதரா? பந்து பிடிக்கத் தெரியாத, ஒரு சொல்லும் பேசாத, முப்பது வயதிலும் தாய் குளிப்பாட்டிவிடும் ஒருவர் இருக்கிறார் என்றால், அவர் வாழ்க்கை எந்த விதத்தில் குறைந்தது? வருமான வரி ரசீதைக் காட்டினால்தான் உயிருக்கு மதிப்பு என்று சொல்லும் அதிகாரத்தை இந்த அமைச்சருக்கு யார் கொடுத்தது? உழைக்க முடியாதவர்கள் நாட்டுக்குச் சுமை என்ற கணக்கை ஜெர்மானிய நாஜிகள் பள்ளிப் பாடப் புத்தகத்திலேயே போட்டார்கள். அந்தக் கணக்கு வியன்னாவின் ஆம் ஸ்பீகல்குருண்டு மருத்துவமனையில் பிள்ளைகளைக் கொல்வதில் போய் முடிந்தது. ஆஸ்பெர்கர் நிலைக்குப் பெயர் தந்த ஹான்ஸ் ஆஸ்பெர்கரும் அங்கே பிள்ளைகளை அனுப்பினார் என்பது 2018இல் ஆவணங்களோடு வெளிவந்தது. கென்னடி நாஜி அல்ல. ஆனால் ஓர் அரசின் அமைச்சர் மனிதர்களைப் பற்றி ஒருபோதும் பேசக்கூடாத மொழி அது.

கண்டனம் எழுந்ததும், பேச்சு வராத 25 விழுக்காட்டினரைப் பற்றி மட்டும்தான் சொன்னேன் என்று அடுத்த நாளே தொலைக்காட்சியில் விளக்கினார். அந்த விளக்கம் அவர் வாதத்தை இன்னும் மோசமாக்குகிறது. நாடு பயப்பட வேண்டும் என்றால் 31 பேருக்கு ஒருவர் என்று எல்லோரையும் எண்ணிக்காட்டுகிறார். நாடு அருவருக்க வேண்டும் என்றால் கால்வாசிப் பேரை மட்டும் வர்ணிக்கிறார். எண்ணிக்கைக்கு ஒரு கூட்டம், வர்ணனைக்கு வேறொரு கூட்டம். இது நேர்மையான வாதம் அல்ல.

கடுமையான ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர் சிலர், அவர் சொன்னது எங்கள் வீட்டு உண்மை என்றார்கள். அவர்கள் வேதனையை மறுக்க எனக்கு உரிமையில்லை. இரவெல்லாம் உறங்காத பிள்ளை, தன்னைத் தானே அடித்துக்கொள்ளும் பிள்ளை, நமக்குப் பின் யார் பார்ப்பார் என்ற கேள்வி. இதையெல்லாம் வெறும் வேறுபாடுதான் என்று மெழுகிவிடுவதும் பொய்தான். ஆனால் அந்தப் பெற்றோருக்கு வேண்டியது பராமரிப்பாளர், ஓய்வு, பேச உதவும் கருவி, வாழ்நாள் காப்பு. இவை பெரும்பாலும் மெடிகெய்ட் என்னும் அரசு மருத்துவ உதவித் திட்டத்தின் நிதியிலிருந்து வருகின்றன. கென்னடி அங்கம் வகிக்கும் அரசு 2025 ஜூலையில் நிறைவேற்றிய சட்டம், பத்தாண்டுகளில் அந்த நிதியில் 90,000 கோடி டாலருக்கு மேல் வெட்டுகிறது என்பது அமெரிக்க நாடாளுமன்றத்தின் சொந்த நிதி அலுவலகத்துக் கணிப்பு. அந்தத் தாய்மார்களின் கண்ணீரை மேடையில் காட்டிவிட்டு, அவர்கள் கைத்தடியைப் பறிக்கும் அரசில் அவர் அமர்ந்திருக்கிறார்.

அமெரிக்காவைக் கண்டித்துவிட்டு நாம் கைகழுவிக்கொள்ள முடியாது. நம் அரசு ஆவணங்கள் ஆட்டிச நிலையாளர்களை என்ன பெயரால் குறிக்கின்றன? புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கமுடையோர். குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளையை, ட்யூப்லைட் துடிப்பதைக்கூடத் தாங்க முடியாத பிள்ளையை, சட்டைக்குள் உறுத்தும் சிறு துண்டுத்துணிக்காக அழும் பிள்ளையைப் பார்த்து, புற உலகச் சிந்தனை அற்றவன் என்கிறோம். புற உலகம் அவனுக்குள் அளவுக்கு மீறிப் புகுவதுதான் அவன் துன்பம். 2013ஆம் ஆண்டுக் கையேடே புலன் உணர்வின் மிகையையும் குறையையும் ஆட்டிசத்தின் அடையாளமாகச் சேர்த்துவிட்டது. அவனுக்கு நம்மைப் புரியவில்லை என்றால் நமக்கும் அவனைப் புரியவில்லை, புரியாமை இருபக்கத்தது என்று ஆட்டிச நிலையாளரான சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012இல் எழுதினார். நாமோ பழியை அவன் பெயரிலேயே எழுதிவைத்திருக்கிறோம்.

பெயரில் என்ன இருக்கிறது என்று தமிழ்நாட்டில் யாரும் கேட்க முடியாது. ஊனமுற்றோர் என்ற சொல்லை விலக்கி மாற்றுத்திறனாளி என்ற சொல்லை அரசாணையிலும் பேருந்து இருக்கையிலும் எழுதிய மண் இது. வீட்டிலும் பயிற்சி மையத்திலும் எல்லோரும் ஆட்டிசம் என்றே சொல்கிறார்கள். அந்தச் சொல்லையே அரசும் எடுத்துக்கொள்ளட்டும். சிந்தனையற்ற என்ற அடைமொழியைச் சான்றிதழ்களிலிருந்து நீக்கட்டும். தடுப்பூசியையும் பாராசிட்டமாலையும் காட்டி யாராவது உங்களைப் பயமுறுத்தினால், பெற்றோரே, வில்லோபுரூக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைகள் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள். அன்று கதவு பூட்டியிருந்தது. இன்று திறந்திருக்கிறது. அதை மறுபடி பூட்ட யாரையும் விடாதீர்கள்.