கதவை அடைத்த கனவான்கள்

மெக்ஸிகோ தேசத்தின் முதல் டிவிஷன் கால்பந்துப் போட்டிக்கு லீகா எம்எக்ஸ் என்று பெயர். அதில் 18 கிளப்புகள் ஆடுகின்றன. ஆண்டுக்கு இருமுறை பட்டம் வழங்கப்படுகிறது. பணத்திலும் ஜனத்திரளிலும் அமெரிக்கக் கண்டங்களின் பெரும் போட்டிகளுள் அஃதொன்று என்பதை யாரும் மறுக்கார். ஆயினும், 2020-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கிளப் முதலாளிகள் கூடிச் செய்த தீர்மானம் ஒன்று அப்போட்டியின் உயிர்நாடியிலேயே கை வைத்துவிட்டதென்பது நமது அபிப்பிராயம். தோற்ற கோஷ்டி இரண்டாவது டிவிஷனுக்கு இறங்குவதும், அங்கே வென்ற கோஷ்டி முதல் டிவிஷனுக்கு ஏறுவதுமான பழைய விதியைப் பல ஆண்டுகளுக்கு நிறுத்திவைப்பது என்பதே அத்தீர்மானம்.

இவ்விதியின் மதிப்பை அறியச் சரித்திரத்தைச் சற்றுப் புரட்டல் வேண்டும். அத்தேசத்தில் தொழில்முறைப் போட்டி 1943-ல் தொடங்கிற்று. இரண்டாவது டிவிஷன் 1950-ல் ஏற்பட்டது. அதன் முதற் பட்டத்தை வென்றது மொரேலோஸ் மாகாணத்து ஸகடெபெக் கோஷ்டி. ஸகடெபெக் ஒரு சிற்றூர். சர்க்கரை ஆலையே அதன் ஜீவனம். அந்த ஆலையூர்க் கோஷ்டி மேலே ஏறி, 1955-லும் 1958-லும் தலைநகரத்துப் பெரிய கிளப்புகளையெல்லாம் பின்தள்ளித் தேசத்தின் பட்டத்தையே கைப்பற்றியது. இது பழங்கதையென்று தள்ளுவதற்கும் இல்லை. எல்லைப்புற நகரமான டிஹுவானாவின் கோஷ்டி 2011-ல் ஏறி, 2012-லேயே பட்டம் வென்றது. லியோன் கோஷ்டி 2012-ல் ஏறி, 2013-லும் 2014-லும் அடுத்தடுத்து இரண்டு பட்டங்கள் வென்றது. கதவு திறந்திருந்தமையால் நடந்த காரியங்கள் இவை.

முதலாளிகளின் வாதத்தையும் கேட்போம். ஒரு தரப்பைக் கேளாமல் தீர்ப்புச் சொல்வது நியாயமன்று. கொள்ளைநோயால் மைதானங்கள் மூடப்பட்டன. கீழ் டிவிஷன் கிளப்புகள் கடனில் மூழ்கின. இறங்கும் அச்சம் நீங்கினால் இளைஞர்களுக்குத் தைரியமாக இடமளித்து, தேசியக் கோஷ்டியை வலுப்படுத்தலாம் என்றார்கள். பணமுடை உண்மைதான். ஆனால் அந்த நோய் கீழ் டிவிஷனுக்கு மாத்திரம் உரியதா? வெராக்ரூஸ் கிளப் 2019-ல் கடைசி இடத்தில் நின்றது. இறங்க வேண்டிய அக்கிளப் 12 கோடி பெஸோ செலுத்தி முதல் டிவிஷனிலேயே தங்கிவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில், சம்பளம் வராத அதன் ஆட்டக்காரர்கள் பந்தயம் தொடங்கியும் ஆடாமல் மைதானத்தில் அசையாது நின்று முறையிட்டார்கள். டிசம்பரில் கிளப் நீக்கப்பட்டது. ஆகவே கடனாளியைக் காப்பாற்றியது ஏணியன்று. ஏணியை விலைக்கு வாங்க அனுமதித்த சலுகையே. அதற்கு முந்திய ஆண்டிலும் இதே கதைதான். டபச்சூலா கோஷ்டி ஏறும் உரிமையை மைதானத்தில் வென்றது. நிபந்தனைகளை நிறைவேற்றவில்லை என்று சொல்லி அதனை உள்ளே விடவில்லை. இறங்க வேண்டிய கிளப் அதே 12 கோடியைக் கட்டி நிலைத்தது. 2020-ல் கனவான்கள் செய்ததெல்லாம், இரண்டு முறை விற்ற சலுகையைப் பொதுச் சட்டமாக்கியதுதான். தேசியக் கோஷ்டியோ 2022 உலகக் கோப்பையில் முதற் சுற்றோடு வெளியேறிற்று. 1978-க்குப் பின் தான் ஆடிய உலகக் கோப்பை எதிலும் அதற்கு அப்படி நேர்ந்ததில்லை. இத்தீர்மானமே காரணமென்று நாம் சாதிக்கவில்லை. சொல்லிய பலன் கைகூடவில்லை என்பதே நாம் சொல்வது.

கதவை அடைத்தபின் உள்ளே என்ன நடந்தது? மொரேலியா நகரத்தின் கிளப் அப்போது ஒரு டெலிவிஷன் கம்பெனிக்குச் சொந்தமாயிருந்தது. 2020-ம் ஆண்டு ஜூனில் அக்கம்பெனி முதல் டிவிஷன் இடத்தை அப்படியே பெயர்த்துக்கொண்டுபோய், கடற்கரை நகரமான மஸட்லானில் வைத்தது. மொரேலியா ஜனங்கள் தெருவில் இறங்கி முறையிட்டும் பயனில்லை. அவர்களுடைய குறையைத் தீர்க்க இரண்டாவது டிவிஷன் இடம் ஒன்று வேறோர் ஊரிலிருந்து கொண்டுவரப்பட்டது. எந்த ஊரிலிருந்து? வாசகர்கள் வியப்படைவார்கள்: ஸகடெபெக்கிலிருந்து! ஆட்டத்தில் வென்று தேசத்தின் சிகரம் ஏறிய ஆலையூர், ஓர் ஆட்டமும் தோற்காமல் ஒரு காகிதத்தின் கையெழுத்தில் தன் கோஷ்டியை இழந்தது.

இதனோடு சேர்ந்த மற்றொரு கேடு, ஒரே முதலாளி இரண்டு கிளப்புகளை வைத்திருப்பது. ஒரே வழக்கில் வாதிக்கும் பிரதிவாதிக்கும் ஒருவரே வக்கீலாக நின்றால் எந்தக் கோர்ட்டு ஒப்பும்? உள்நாட்டில் ஒப்பிய இந்த முறையை உலகம் ஒப்பவில்லை. லியோன் 2023-லும் பச்சூகா 2024-லும் தத்தம் வெற்றியால் 2025 உலகக் கிளப் கோப்பைக்குத் தகுதி பெற்றன. இரண்டும் ஒரே முதலாளிக் கூட்டத்தின் கையில் இருந்தமையால், பீஃபா சங்கம் 2025 மார்ச்சில் லியோனை நீக்கிற்று. விளையாட்டு நடுவர் மன்றமும் மே மாதத்தில் அப்பீலைத் தள்ளிவிட்டது. லியோனின் இடம் லாஸ் ஏஞ்சலிஸ் கிளப்புக்குப் போயிற்று. தண்டனை அடைந்தவர் யார்? கோப்பையை வென்ற ஆட்டக்காரரும், அவர்களைத் தொடர்ந்த லியோன் நகரத்து ஜனங்களுமே. சொத்துச் சேர்த்தவர் குற்றத்துக்கு வியர்வை சிந்தியவர் அபராதம் கட்டினார்.

கிளப் என்பது கடையன்று. கடைக்காரர் நஷ்டம் கண்டால் வேறு தெருவுக்குப் போகலாம். மூன்று தலைமுறையாக ஓர் ஊர் தன் பெயரை ஒப்படைத்திருக்கும் கிளப்புக்கு அந்த உரிமை இல்லை. செய்ய வேண்டியவை மூன்று. ஒருவருக்கு ஒரு கிளப் என்ற விதி விலக்கின்றி நிலைக்க வேண்டும். கிளப்பை ஊர் மாற்றுமுன் அந்த ஊராரின் சம்மதத்தைப் பெற வேண்டும். நிபந்தனைகள் பெரியவர்க்கும் சிறியவர்க்கும் ஒன்றாயிருக்க, ஏணியை மீண்டும் நிரந்தரமாக நாட்ட வேண்டும். மைதானத்தில் தோற்றவர் இறங்கட்டும், வென்றவர் ஏறட்டும். இந்த எளிய நியாயத்துக்குப் பணத்தை ஈடாக வைக்கும் போட்டி, எத்தனை கோடி சம்பாதித்தாலும் போட்டி என்ற பெயருக்கு உரியதாகாது.