தனியாக நடந்தவர் யார்?

டாஃபடில் பூக்களைப் பற்றி வேர்ட்ஸ்வொர்த் எழுதிய கவிதையை நம்மில் பலர் பள்ளியில் மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறோம். அந்தப் பூவைக் கண்ணால் கண்டதில்லை என்பது வேறு விஷயம். கவிதையில் நடக்கிறவர் தன்னந்தனியாக நடக்கிறார். ஆனால் 1802 ஏப்ரல் 15 அன்று, அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் கௌபரோ பூங்காவைத் தாண்டிய காட்டு வழியில், அவருடன் தங்கை டோரத்தியும் நடந்தார். காற்றில் ஆடிய அந்தப் பூக்களைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தவர் டோரத்திதான். அண்ணனின் கவிதை 1807இல் அச்சேறியது. தங்கையின் நாட்குறிப்போ அவர் வாழ்நாளில் புத்தகமாகவே இல்லை.

கவிதைக்குத் தனிமை தேவைப்பட்டது என்பார்கள். இருக்கட்டும். 1818இல் டோரத்தி தன் தோழி மேரி பார்க்கருடன் ஸ்காஃபெல் பைக்கில் ஏறினார். இங்கிலாந்திலேயே உயரமான சிகரம் அது. அந்த ஏற்றத்தைப் பற்றி அவர் எழுதியது, பிறகு அண்ணனின் ஏரி நாட்டு வழிகாட்டி நூலில் இடம்பெற்றது. அவர் பெயர் இடம்பெறவில்லை. வழிகாட்டி நூலுக்குமா தனிமை தேவைப்பட்டது?

இத்தனைக்கும் அவருக்கு நடக்கும் உரிமையே சும்மா கிடைத்துவிடவில்லை. பெண்பிள்ளை இப்படிக் கால்நடையாக ஊர் சுற்றலாமா என்று 1794இல் மாமன் மனைவி கண்டித்தார். வண்டியில் போவதைவிட நடப்பதில்தான் சந்தோஷம், அதோடு வண்டிச் சத்தம் 30 ஷில்லிங்காவது மிச்சம் என்று டோரத்தி பதில் எழுதினார். சந்தோஷத்தோடு நிறுத்த முடியவில்லை, காசுக் கணக்கும் காட்ட வேண்டியிருந்தது.

என் மாணவிகள் ஜெராக்ஸ் எடுக்க, கோயிலுக்கு என்று எழுதிவிட்டு வெளியே போகிறார்கள். விடுதிப் பதிவேட்டில் 'சும்மா நடக்க' என்று ஒருநாள் எழுதிப் பாருங்கள்.