கதியற்றவனைப் பரிந்துரைப்போர்

'எல்டன் ரிங்' என்ற மாயாஜாலக் கணினி விளையாட்டைப் புதிதாகத் தொடங்குகிறவர், எந்தப் பாத்திரத்தைத் தெரிவு செய்வது என்று கேட்டால், 'கதியற்றவனை எடு, அப்போதுதான் ஆடத் தெரியும்' என்கிறார்கள் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். இந்த உபதேசத்தை நாங்கள் மறுக்கிறோம்.

2022 பிப்ரவரியில் வெளியான அவ்விளையாட்டில் தொடக்கப் பாத்திரங்கள் 10. கதியற்றவன் முதல் நிலையில், கவசமின்றி, ஒரு தடியோடு இறக்கிவிடப்படுகிறான். நாடோடி வீரனோ 9ஆம் நிலையில் வாள், கேடயம், கவசம் சகிதம் வருகிறான். அடியைக் கேடயத்தில் வாங்கியபடி, எதிரி எப்போது ஓங்குகிறான், எப்போது தளர்கிறான் என்று கவனிக்க அவனுக்கு அவகாசம் இருக்கிறது. கற்பது அந்த அவகாசத்தில்தான் நடக்கிறது. தொலைவில் நின்று மந்திரம் எறியும் சோதிடனைக் கோழை என்பதும் பம்மாத்தே. எளிது, கடினம் என்று பிரித்துத் தராத விளையாட்டில் புதியவர் சற்று மூச்சுவிட இதுவும் ஒரு வழி. தவிரவும், தொடக்கம் தலையெழுத்தன்று. நிலை உயர உயரச் சோதிடனும் வாளெடுக்கலாம். (ஒருமுறை முடித்தவர்கள் வீம்புக்குக் கதியற்றவனை ஆடட்டும், யார் தடுத்தார்?)

சுண்ணாம்புக்கல் சுரங்கம் பார்த்து வளர்ந்த மதுக்கரைக்காரர்கள் நாங்கள். 'தலைக்கவசம் இல்லாவிட்டால்தான் தொழில் பழகும்' என்று புதிய ஆளிடம் சொன்ன மேஸ்திரியைக் கண்டதில்லை. இலக்கியத்தில் கண்டிருக்கிறோம். புதிய வாசகர் கையில் முதல் நாளே 'ஜே.ஜே: சில குறிப்புகள்' நாவலைத் திணித்துவிட்டு, மறுவாரம் அவர் வராதபோது தமிழனுக்கு ரசனையில்லை என்று புலம்புகிறவர்கள் அவர்கள்.

கேட்பவருக்கு நாடோடி வீரனையே சொல்லுங்கள். வாசலிலேயே குதிரைமேல் காத்திருக்கும் பொற்கவசக்காரன் எப்படியும் அவரைக் கொல்லத்தான் போகிறான்.