டப்பாவுக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை

தில்லியில் பள்ளி விளையாட்டுப் போட்டி சீசன் வந்துவிட்டால் போதும், நம்ம ஆட்கள் வீட்டு அலமாரியில் சாம்பார் பொடிக்குப் பக்கத்தில் பெரிசாய் ஒரு டப்பா வந்து உட்கார்ந்துவிடும். வே புரோட்டீன், சாக்லேட் சுவை. "கோச் சொல்லிட்டார் சார், வாங்கித்தானே ஆகணும்" என்பார்கள். விலையைக் கேட்டால் எனக்குத் தலை சுற்றும். பிள்ளை ஓடுவதற்கு முன்னால் அப்பாவின் பர்ஸ் ஓடிவிடுகிறது.

நான் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் பார்த்துப் பிழைக்கிறவன். அதனால் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். போட்டிக்கு ஓடுகிற பெண் குழந்தை சோர்ந்து போனால், டப்பா வாங்கும் முன் ஃபெரிட்டின் பாருங்கள்.

முதலில் புரோட்டீன் கணக்கு. விளையாட்டு வீரர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை என்கிறார்கள். 45 கிலோ பெண்ணுக்கு 1.5 என்று வைத்தால் 68 கிராம் சுமார். இரண்டு டம்ளர் பால் 16, இரண்டு முட்டை 12, இரண்டு கிண்ணம் பருப்பு 14, ஒரு கைப்பிடி வேர்க்கடலை 7. இட்லி, சப்பாத்தி, சோறு எல்லாம் சேர்த்தால் இன்னும் இருபது வரும். முட்டை ஆகாத வீட்டில் சோயா உருண்டை இருக்கவே இருக்கிறது, 30 கிராமில் 15. ஒழுங்காய்ச் சாப்பிடுகிற பிள்ளைக்கு டப்பா எதற்கு?

இரும்புச் சத்து கதை வேறு. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஓடுகிற பெண்ணுக்கு மாதவிலக்கோடு வியர்வையிலும் கொஞ்சம் போகிறது. பாதம் தரையில் மோதி மோதிச் சிவப்பணுக்களும் உடைகின்றன. போதாததற்கு, கடும் பயிற்சி முடிந்த சில மணி நேரத்தில் ஈரல் சுரக்கிற ஹெப்சிடின் கூடி, சாப்பாட்டிலிருந்து இரும்பு ஏறுவதையே தடுக்கும். வே என்பது பாலிலிருந்து வருகிற பொடி. பாலில் இரும்பு பெயருக்குத்தான் உண்டு. அப்புறம் எப்படி அந்த டப்பா இந்தக் குறையைத் தீர்க்கும்?

எங்களுக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண், 1500 மீட்டர் ஓடுகிறவள். நேரம் மாதாமாதம் மோசமாகிக்கொண்டே போனது. "சோம்பேறித்தனம், புரோட்டீனைக் கூட்டுங்க" என்றாராம் கோச். ஹீமோகுளோபின் 12.2, நார்மல். ஃபெரிட்டின் 9! கிடங்கு காலி. பெரியவர்களுக்கே 15-க்குக் கீழே போனால் இரும்புக் குறைவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஹீமோகுளோபின் கடைசியில்தான் இறங்கும், அதை மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டால் இப்படித்தான். டாக்டர் மாத்திரை கொடுத்தார், மூன்று மாதத்தில் பழைய ஓட்டம் திரும்பியது. அந்தப் பெண்ணைச் சோம்பேறி என்றார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பது அடுத்த வயிற்றெரிச்சல். 2024-ல் வெளியான ஓர் ஆய்வில் இந்தியாவில் விற்கிற 36 புரோட்டீன் பொடிகளைச் சோதித்தார்கள். சுமார் 70 சதவீதத்தில் லேபிளில் போட்ட அளவு சரியில்லை. 14 சதவீதத்தில் பூஞ்சை நஞ்சான அஃப்ளடாக்சின். அதற்கும் முன்னால், 2000-2001-ல் ஜெர்மனியின் கொலோன் ஆய்வகம் 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமென்ட்களைப் பார்த்ததில் 94-ல் லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டு வகைகள் இருந்தன. மாநில, தேசிய அளவுக்குப் போகிற பிள்ளை மாட்டினால் பொறுப்பு பிள்ளை தலையில்தான். "தெரியாமல் சாப்பிட்டேன்" என்பது தண்டனையைக் குறைக்கலாம், ஊக்கமருந்து மீறல் மீறல்தான்.

சரி, இனி தாது உப்பு மாத்திரையாய் வாங்கிக் குவிக்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள் :-) அமெரிக்காவில் விக்டர் கான்டே என்பவர் விளையாட்டு வீரர்களின் ரத்தத்தில் தாது அளவு பார்த்துத்தான் பால்கோ என்ற கம்பெனியை வளர்த்தார். துத்தநாகமும் மெக்னீசியமும் கலந்த இசட்.எம்.ஏ. என்ற மாத்திரை அவர் சரக்கு. பலம் கூடுகிறது என்று 2000-ல் வந்த ஆய்வுக் கட்டுரையில் அவரே ஒரு ஆசிரியர்! 2004-ல் வேறு குழு சோதித்தபோது அப்படி எதுவும் தெரியவில்லை. 2003-ல் அதே பால்கோ கண்டுபிடிக்க முடியாத ஸ்டீராய்டு சப்ளை செய்த கதை வெளியே வந்து உலகமே நாறியது. இரும்பும் அப்படித்தான், குறைவு இல்லாதவர்கள் மாத்திரையை விழுங்கினால் வயிறு கெடும், உடம்பில் தேங்கவும் செய்யும். ரிப்போர்ட் பார்த்து டாக்டர் சொல்லட்டும்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு, நம்மவர்களுக்குக் கசக்கும். சாப்பிட்ட கையோடு குடிக்கிற ஃபில்டர் காபியை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். காபியும் டீயும் பருப்பு, கீரையில் இருக்கிற இரும்பை உடம்பில் ஏற விடாது. அந்த இடத்தில் ஒரு கொய்யா கொடுங்கள். குளிர்காலத்தில் தில்லித் தெருவெல்லாம் வண்டியில் குவிந்து கிடக்கிறது, அதன் வைட்டமின் சி இரும்பை இழுத்துக்கொடுக்கும்.

பரிசோதனைக்குப் போகும்போது ஃபெரிட்டின் என்று வாய்விட்டுக் கேளுங்கள், சாதாரண ரத்தப் பரிசோதனையில் அது வராது. காய்ச்சல், சளி இருக்கும்போதோ ரேஸ் ஓடிய மறுநாளோ ரத்தம் கொடுக்க வேண்டாம். ஃபெரிட்டின் அப்போது உண்மையைவிடக் கூடுதலாய்க் காட்டும்.