ஊர்ச் சரித்திரமும் உண்மையும்

2019-ஆம் ஆண்டில் வேலூர் ஜில்லா மூன்றாகப் பிரிக்கப்பட்டது. வேலூரும் ராணிப்பேட்டையும் தனித்தனி ஜில்லாக்களாயின. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தன. ஜில்லா தனியானால் சரித்திரமும் தனியாக வேண்டுமென ஜனங்கள் விரும்புவது இயல்பே. தோல் வியாபாரத்தால் கடல் கடந்து பெயர் பெற்ற இவ்வூர்கள் தம் பூர்வ கதையை அறிய ஆசைப்படுவதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் எழுதப்படும் ஒவ்வொரு வாக்கியமும் சாட்சிக் கூண்டில் ஏறி நிற்கத் தக்கதா என்று பார்ப்பது தேசாபிமானிகளின் பொறுப்பாகும்.

ஆம்பூர்ச் சண்டையை எடுத்துக்கொள்வோம். 1749 ஆகஸ்டு 3-ந் தேதி அங்கு ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் மடிந்தார். சந்தா சாகிபும் முஸாபர் ஜங்கும் பிரெஞ்சுப் படையின் துணைகொண்டு வென்றனர். இதை ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த யுத்தமென்று சிலர் கூறிவிடுகிறார்கள். அக்களத்தில் ஆங்கிலேயர் படை நிற்கவில்லை. மாண்ட நவாபுக்கு வயது 107 என்பது பல நூல்களில் காணும் செய்தி. வேறு நூல்கள் தரும் பிறப்பாண்டைக் கொண்டு கணக்கிட்டாலோ எண்பதுகூட நிரம்பவில்லை. ஒருவர் எழுதியதை மற்றொருவர் பார்த்து எழுதுவதால் பொய் மெய்யாகிவிடாது.

இனி வேலூருக்கு வருவோம். 1806 ஜூலை 10-ந் தேதி விடியுமுன் கோட்டைச் சிப்பாய்கள் எழுந்து, வெள்ளைப் பட்டாளத்தைத் தாக்கி, திப்புவின் கொடியை ஏற்றினார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப் படையுடன் விரைந்து வந்து அன்றைய தினமே கோட்டையை மீட்டான். நம்மவர்கள் இதனை ‘முதல் சுதந்திரப் போர்’ என்று புகழ்கிறார்கள். அப்படியானால் 1799-ல் தூக்கிலேறிய கட்டபொம்மனையும் 1801-ல் தூக்கிலேறிய மருது சகோதரர்களையும் எங்கே வைப்பது? ‘முதல் சிப்பாய்க் கலகம்’ என்பதும் நிற்காது. 1764-லேயே வங்காளப் படையில் கலகம் செய்த 24 சிப்பாய்களை மன்றோ என்ற தளபதி பீரங்கி வாயில் வைத்துச் சுட்டான்.

‘முதல்’ என்ற பட்டம் போனால் வேலூரின் பெருமை போய்விடுமா? ஒருபோதும் போகாது. ஹிந்துக்களும் முஸ்லிம்களும் ஒரே கோட்டையில் தோளோடு தோள் நின்று எழுந்தார்கள். 1857-க்கு 51 ஆண்டுகள் முன்னரே கும்பினி சர்க்காரைக் கலங்கவைத்தார்கள். தலைப்பாகை உத்தரவு ரத்தாயிற்று. கவர்னர் பெண்டிங்கும் சேனாதிபதி கிராடக்கும் 1807-ல் திரும்ப அழைக்கப்பட்டார்கள். இவ்வளவும் இருக்கையில் இரவல் பட்டம் நமக்கு எதற்கு?

ஆண்டவர்கள் எழுதிவைத்த கதையையும் குறுக்கு விசாரணை செய்யாமல் விடலாகாது. கோட்டையில் சிறையிருந்த திப்புவின் புதல்வர்கள் செய்த சதியே இதற்குக் காரணமென்று பழி சுமத்தி, அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். ஆனால் திருநீறும் நாமமும் கடுக்கனும் கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்றும், தோல் சின்னம் பதித்த புதுத் தலைப்பாகையை அணிய வேண்டும் என்றும் சிப்பாய்களை வருத்தியது யார்? 1806 மே மாதத்திலேயே அத்தலைப்பாகையை மறுத்தவர்களை விசாரித்துச் சிலருக்குக் கசையடி விதித்தது யார்? ஜூலையில் பற்றிய நெருப்புக்கு விறகு அடுக்கியது சென்னைக் கோட்டையே.

இறந்த சிப்பாய்களின் தொகையைச் சிலர் 350 என்கிறார்கள். சிலர் 800 என்கிறார்கள். பெரிய எண்ணைத் தேடிப் பிடிப்பதே தேசபக்தி என்று எண்ணுவது தவறு. கோட்டை மீட்கப்பட்ட பின், அரண்மனையில் ஒளிந்திருந்த நூற்றுக்கு மேற்பட்ட சிப்பாய்களை வெளியே இழுத்து, சுவரோரம் நிறுத்திப் பீரங்கியால் சுட்டார்கள். இதை எழுதியவன் கில்லெஸ்பியுடனிருந்த பிளாக்கிஸ்டன் என்ற வெள்ளை அதிகாரியே. எதிராளியின் வாக்குமூலத்தைவிட வலுவான சாட்சியம் எந்த நியாயஸ்தலத்தில் கிடைக்கும்? அதை விட்டுவிட்டு ஆதாரமில்லாத எண்ணை நீட்டினால், அந்த ஒன்றைப் பொய்யென்று காட்டி மற்றவை அனைத்தையும் தள்ளிவிடுவார்கள். நஷ்டம் யாருக்கு? மாண்ட அந்தச் சிப்பாய்களுக்கே.

ஆகையால் ஒவ்வோர் ஊரிலும் ஆசிரியர்களும் வக்கீல்களும் சாஸனம் படிக்கத் தெரிந்தவர்களும் கூடி ஒரு சபை அமைக்க வேண்டும். பாரசீகமும் உருதுவும் அறிந்த ஆம்பூர், வாணியம்பாடிப் பெரியோர்களை அதில் முன்னிருத்த வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்திலுள்ள கும்பினிக் காலத்துத் தஸ்தாவேஜுகளை ஆட்களை அனுப்பிப் பார்க்க வேண்டும். ஆதாரம் இன்னதென்று சொல்ல முடியாத வாக்கியத்தை அச்சேற்றக் கூடாது. இதற்காகும் செலவு தோல் மண்டி முதலாளிகளுக்கு ஒரு பாரமல்ல.

அந்நியன் எழுதிய பொய்யை அழிக்க நம்முடைய பொய் உதவாது. உண்மையே நம் தரப்பில் இருக்கிறது. அதை நிரூபிக்கும் உழைப்பு மட்டுமே பாக்கி.